மத்தியானத்துக்கு மேல்

என் ஆயா மூன்றாம் வகுப்பைப் பாதி நாள் படித்தவர். பாதி வருடம் என்று நினைத்துவிடாதீர்கள். பாதி நாள். இந்த வித்தியாசம் எனக்குப் புரிய இருபத்திரண்டு வயதாக வேண்டியிருந்தது.

2003இல் நான் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து சத்தம் போட்டு மனப்பாடம் செய்வது என் வழக்கம். அன்றைக்குப் படித்தது, கல்விக் குழுக்களும் திட்டங்களும் என்ற பாடம். மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், 1953, சென்னை மாநிலம், முதலமைச்சர் ராஜாஜி. ஐந்து மதிப்பெண் வினாவாக வரக்கூடியது. ஊரகப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளில் மூன்று மணி நேரம் மட்டும் பாடம். மீதி நேரத்தில் பையன்கள் அப்பாவின் தொழிலைக் கற்க வேண்டும், பெண் பிள்ளைகள் அம்மாவிடம் வீட்டுவேலையைக் கற்க வேண்டும். கடும் எதிர்ப்பு எழுந்தது. ராஜாஜி பதவி விலகினார். 1954இல் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது.

முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த ஆயா கையை நிறுத்திவிட்டு, "இன்னொரு வாட்டி படி" என்றார். படித்தேன்.

"நான் அதுலதான் படிச்சேன்" என்றார்.

மணிமுத்தாற்றங்கரையில் ஒரு சிற்றூர் அவருடையது. காலையில் போனால் உச்சிவேளைக்கு விட்டுவிடுவார்களாம். அண்ணன் ஏர் ஓட்டப் போகும், இவர் அடுப்பாங்கரைக்குப் போவார். "அடுத்த வருசம் சாயங்காலம் வரைக்கும் பள்ளியோடம்னு சொன்னாங்க. அண்ணன் போச்சி. என்ன எங்கம்மா உடல. ஒரு வருசமா மாடு கன்னு, கொழந்த, சோறு கொழம்புன்னு பாத்துப் பழகிட்டன் இல்ல. பழகுன கைய உட யாருக்கு மனசு வரும்? கொஞ்ச நாள் காலையில மட்டும் போனேன். வாத்தியாரு, வந்தா முழுசா வா, இல்லன்னா வராதன்னாரு. நின்னுட்டேன்."

பிறகு முறத்தைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "திட்டத்த எடுத்துட்டாங்கன்னு படிச்சியே பாப்பா, எனக்கு எப்ப எடுத்தாங்க?"

நான் சிரித்தேன். ஆயாவும் சிரித்தார். கல்வியைப் பற்றி இதுவரை நான் கேட்ட நக்கல்களில் இதற்கு மிஞ்சியதில்லை. தேர்வில் அந்த வினா வரவில்லை.

அந்தத் திட்டத்தை வீழ்த்தியதில் ஒரு சொல்லுக்குப் பெரிய பங்கு உண்டு. அரசு வைத்த பெயர் நீளமானது, அலுவலக வாடை அடிப்பது. எதிர்த்தவர்கள் "குலக்கல்வி" என்றார்கள். திட்டம் எதைச் சொல்லாமல் மறைத்ததோ அதையே அதன் பெயராக்கிவிட்டார்கள். இருக்கும் பள்ளியையும் ஆசிரியரையும் வைத்து இரண்டு மடங்குப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம், காசில்லாத அரசாங்கம் வேறென்ன செய்யும் என்பது ராஜாஜியின் வாதம். கணக்காகப் பார்த்தால் அதை மறுப்பது அவ்வளவு எளிதல்ல. ஆனால் குலக்கல்வி என்று ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் அந்தக் கணக்கு எடுபடாது. முடி வெட்டுகிறவர் மகன் முடிதான் வெட்ட வேண்டுமா, துணி வெளுப்பவர் மகன் துணிதான் வெளுக்க வேண்டுமா, அப்படியானால் மந்திரி மகன் என்ன படிப்பான்? இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டியதில்லை. கேட்டதுமே சிரிப்பு வரும், சிரிப்பு முடியும்போது கோபம் வரும். பெரியார் எதிர்த்தார். தி.மு.க. 1953 ஜூலையில் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இந்தத் திட்டத்துக்கு எதிரானது. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. கேலியும் வாதமும் சேர்ந்து ஓர் அரசின் கல்விக் கொள்கையை ஓராண்டில் சாய்த்த கதை இது. அந்தச் சாய்ப்பின் பலனை அனுபவிப்பவள் நான். கூலிக்காரர் வீட்டிலிருந்து ஆசிரியை வந்ததற்குப் பின்னால் அந்தச் சொல்லும் இருக்கிறது.

ஆனால் அந்த எதிர்ப்பைப் பற்றி நான் தேடிப் படித்த இடங்களிலெல்லாம் மகன்கள்தான் வந்தார்கள். மகள் வரவே இல்லை. திட்டத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்டது எந்தச் சாதியாக இருந்தாலும் ஒரே தொழில். அதைக் குலத்தொழில் என்று யாரும் எள்ளி நகையாடியதாக நான் படித்ததில்லை. மேடையில் பேசியவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில், ஆரம்பப் பள்ளி ஆசிரியர் வேலைக்குப் பெண்களையே வைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டவர்கள்தான் அவர்கள். இருந்தும் இந்தக் கேலி அங்கே போகவில்லை. கேலிக்குக் கூட்டம் வேண்டும், கூட்டத்துக்கு முதலிலேயே அது அநியாயம் என்று பட்டிருக்க வேண்டும். மந்திரி மகளும் அம்மாவிடம் சமையல் கற்கிறாள், சலவைக்காரர் மகளும் கற்கிறாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றுதான் கூட்டம் நினைத்திருக்கும்.

என் அம்மா பீங்கான் பட்டறையில் வேலை பார்த்தவர். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது, அந்தத் தொழிலைச் சொல்லித்தர அரசுக் கல்வி நிலையமும் இருக்கிறது. பக்கத்தில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது வெள்ளைக் களிமண் கிடைக்கிறது. அகல் விளக்கு, பொம்மை, ஊறுகாய் ஜாடி, மின்சாரப் பெட்டியில் மாட்டும் ஃபியூஸ் கேரியர் எல்லாம் இங்கே செய்கிறார்கள். கூழாகக் கரைத்த மண்ணைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றி எடுத்தால் அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு நிற்கும். பச்சையாக இருக்கும்போதே அந்தக் கோட்டைப் பிளேடால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். அழுத்தினால் உடைந்துவிடும், விட்டால் சூளையிலிருந்து கோட்டோடு வரும். அம்மாவுக்கு அந்த வேலை. நூறு உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும்.

ஒன்பதாம் வகுப்பில் எனக்குக் கணக்கு வரவில்லை. வாத்தியார் என்னை எழுப்பி நிறுத்தி, "உனக்கு எதுக்கு அல்ஜீப்ரா? உங்க அம்மாகூடப் போயி பொம்மைக்கு மூக்கு ஒட்டு" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. பள்ளிக்கூடத்தைக் கேலி செய்வதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். பள்ளிக்கூடம் காலங்காலமாகக் கேலி செய்துதான் ஆட்களை வடிகட்டுகிறது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். பிரம்புக்குத் தடை வந்துவிட்டது. நாக்குக்கு வரவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து பட்டறைப் பக்கமே என்னை வரக்கூடாது என்றார். விடுமுறையில்கூட. "இந்த வேல ஒனக்குத் தெரியவே கூடாது" என்றார். குலக்கல்வியை ஒழித்த பெருமையில் என் அம்மாவுக்கும் பங்கு உண்டு என்று நான் வேடிக்கையாகச் சொல்வேன். ஆனால் பட்டறைப் பக்கம் வராதே என்றவர், அடுப்பங்கரைப் பக்கம் வராதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவர் வேலைக்குப் போய் வருவதற்குள் சோறு ஆக்கி வைத்தது நான்தான், என் தம்பி அல்ல.

2014இல் நான் வேலை பார்த்த பள்ளியில் ஆண்டு விழாவுக்கு எட்டாம் வகுப்புப் பெண்கள் ஒரு நாடகம் போட்டார்கள். ஆயாவின் கதையை வகுப்பில் சொல்லியிருந்தேன், அதிலிருந்து அவர்களே பிடித்துக்கொண்டார்கள். ஒரு ராஜா. நாட்டில் பெண் பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிக்கு வராமலே நூற்றுக்கு நூறு என்று ஆணையிடுகிறார். ரசம் வைத்தால் வேதியியல் தேறியாச்சு. இடுப்பில் குடம் தூக்கினால் இயற்பியல். அழுகிற தம்பியைத் தூங்க வைத்தால் உளவியல். கடைசியில் பட்டமளிப்பு, 'முதுநிலைப் பாத்திரம் துலக்கல்' என்று சான்றிதழ். தலைமையாசிரியராக நடித்தவள் மை பென்சிலால் மீசை வரைந்து, தோளில் துண்டு போட்டு, ஒவ்வொரு சான்றிதழுக்கும் தொண்டையைச் செருமிக் கையெழுத்துப் போட்டாள். சிறப்பு விருந்தினர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பெற்றோர் சிரித்தார்கள். உண்மையான தலைமையாசிரியரும் சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

விழா முடிந்ததும் விருந்தினர்களுக்கு டீ. கிளாஸ் கழுவ வேண்டும். "பொண்ணுங்க நாலு பேர் வாங்கம்மா" என்று ஒரு குரல் கூப்பிட்டது. மீசையைக்கூட அழிக்காமல் அவளும் மூன்று பேரும் ஓடினார்கள். குழாயடியில் குந்தி உட்கார்ந்து கழுவினார்கள். அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கூப்பிட்ட குரல் என்னுடையது.

இரவு படுக்கப் போகும்போதுதான் அது எனக்கு உறைத்தது.

பெண்களுக்கான கல்வியைப் பற்றிய நையாண்டி என்றால் எனக்கு ரொக்கேயாதான் நினைவுக்கு வருவார். ரொக்கேயா சகாவத் ஹூசைன் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905இல் நம் சென்னையிலிருந்து வந்த இந்தியன் லேடீஸ் மேகசின் இதழில்தான் முதலில் வெளியானது. கமலா சத்தியநாதன் நடத்திய இதழ் அது. கதையில் ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டுச் சமைக்கிறார்கள். பெண்கள் பல்கலைக்கழகம் நடத்தி, மேகத்திலிருந்து தண்ணீர் இறக்கி, சூரிய வெப்பத்தைச் சேமித்து நாட்டை ஆள்கிறார்கள். தலைகீழாக்கிக் காட்டினால்தான் நேராக இருப்பது எவ்வளவு கோணல் என்று தெரியும். அதைப் படித்துவிட்டுத்தான் நாடகத்துக்கு ஊக்கம் கொடுத்தேன். ஆனால் ரொக்கேயா எழுதிவிட்டு உட்கார்ந்துவிடவில்லை என்பதை நான் கவனிக்காமல் விட்டிருந்தேன். 1909இல் பாகல்பூரில் ஐந்து பெண் பிள்ளைகளோடு பள்ளி தொடங்கினார். அங்கிருந்து கல்கத்தாவுக்கு வந்து 1911இல் எட்டுப் பேரோடு மறுபடியும் தொடங்கினார். வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசினார். திரை போட்ட வண்டியில் அழைத்துப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். பர்தாவைக் கிழிகிழியென்று கிழித்த அதே பெண்தான்! அந்த வண்டியைப் பற்றியும் பின்னாளில் நக்கலாக எழுதியிருக்கிறார். காற்றே புகாதபடி மூடியதால் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்களாம். சரி என்று துணித்திரை போட்டால், திரை காற்றில் பறக்கிறது, மானம் போகிறது என்று கடிதங்கள் வந்தனவாம். பேனாவால் இடித்துக்கொண்டே கையால் திரை தைத்தவர். இதைச் சமரசம் என்று முன்பு நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரங்களில் எங்கள் ஊரில் விளக்கு வேலை மும்முரமாக நடக்கும். அந்தச் சமயத்தில் மீசைக்காரி பள்ளிக்கு வருவது நின்றது. பத்து நாள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். தொழிற்பேட்டையை ஒட்டிய தெரு. வாசலில் அவள் அம்மா சுட்ட அகல்களைப் பத்துப் பத்தாக அடுக்கித் தாள் சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளே கயிற்றுக் கட்டிலில் அப்பா. ராத்திரி முழுக்கச் சூளையில் நின்றுவிட்டு வந்தவர். கைப்பிள்ளை ஒன்று தரையில். பெண்ணைக் காணோம், தண்ணீருக்குப் போயிருந்தாள்.

நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் பேசினேன். பதினான்கு வயது வரை படிப்பு உரிமை, 2009லேயே சட்டம் வந்துவிட்டது என்றேன். பொண்ணு கெட்டிக்காரி என்றேன். கடைசியாக, சொல்லக் கூச்சமாக இருந்தாலும், அதையும் எடுத்தேன்: "பத்தாவது வரைக்கும் படிச்சா கல்யாணத்துக்கு 25,000 ரூபாயும் தாலிக்கு 4 கிராம் தங்கமும் குடுக்குறாங்கம்மா." மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டம் அது. 1989இல் எட்டாம் வகுப்பு வரை படித்தால் 5,000 ரூபாய் என்று தொடங்கி, 2011இல் தங்கமும் சேர்ந்தது. தேவதாசி முறையை எதிர்த்து வாழ்நாள் முழுக்கப் போராடி, 1936இல் 'தாசிகளின் மோசவலை' எழுதியவர் பெயரில், பெண்ணுக்குப் படிப்பு எதற்கென்றால் தாலிக்கு என்று சொல்லும் திட்டம். எந்த நையாண்டிக்காரரும் இதைக் கற்பனை செய்திருக்க முடியாது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். சட்டம் என்றபோது அகலை அடுக்கிக்கொண்டே இருந்த அந்தம்மா, தங்கம் என்றபோது நிமிர்ந்து பார்த்தார். (2022இல் அந்தத் திட்டத்தை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கிவிட்டார்கள். இப்போது நான் பேசப் போகும் வீடுகளில் கூசாமல் பேச முடிகிறது.)

நிமிர்ந்து பார்த்தவர் சொன்னார்: "நாடகம் பாத்தேன் டீச்சர். நல்லாத்தான் சிரிச்சோம். கொடம் தூக்குற புள்ளயக் காட்டுனீங்க. இங்க மூணு மணிக்குத்தான் தண்ணி உடுறான். அந்தப் புள்ள தூக்கலன்னா யாரு தூக்குறதுன்னு நாடகத்துல ஒண்ணும் சொல்லலியே."

எனக்குப் பதில் வரவில்லை. ஒரு மணி நேரமாக நான் பேசியது முழுக்க அந்தம்மாவிடம் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த மனிதரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளை படிக்காவிட்டால் நாங்கள் அம்மாக்களைத்தான் திருத்தப் போகிறோம். ராஜாஜி திட்டத்தில் பெண் பிள்ளைக்கு வாத்தியார் அம்மா, என் திட்டத்திலும் அம்மாதான் குற்றவாளி.

"ஐயா, நீங்க மூணு மணிக்கு எந்திரிச்சிடுவீங்களா?" என்று கேட்டேன்.

"எந்திரிச்சிதான் ஒக்காந்திருக்கேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆம்பள கொடத்தத் தூக்கிக்கிட்டுக் கொழாயடியில நின்னா சிரிப்பாங்க டீச்சர்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. சிரிப்பார்கள். நான் மேடையேற்றிய சிரிப்பைவிட அது வலுவானது, அதற்குப் பயந்து எத்தனையோ ஆண்கள் நல்லவர்களாக இருக்க முடியாமல் போயிருக்கிறார்கள்.

"சிரிச்சிட்டுப் போறாங்க" என்றார் மனைவி, அகலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பேச்சு எங்கெங்கோ போய்க் கடைசியில் சைக்கிளில் வந்து நின்றது. இடுப்பில் குடம் வைத்தால்தான் பெண் வேலை. கேரியரில் இரண்டு பக்கமும் குடத்தைக் கட்டி மிதித்துக்கொண்டு வந்தால் அது ஆண் வேலை, ஊரில் எல்லாரும் செய்வது, யாரும் சிரிக்க மாட்டார்கள். குடம் அதே குடம், தண்ணீரும் அதே தண்ணீர். இதற்குள் எத்தனை நூற்றாண்டு அசட்டுத்தனம் இருக்கிறது என்று அங்கேயே ஒரு சொற்பொழிவு ஆற்றியிருக்கலாம். ஆற்றவில்லை. "ஆமாங்கய்யா, சைக்கிள்னா நல்லது" என்று சொல்லிவிட்டு வந்தேன். பேருந்துக்கு நடக்கும்போது எதிரே அவள் குடத்தோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் குடத்தை இறக்கிவைக்கவா ஓடவா என்று தெரியாமல் நின்றாள்.

கார்த்திகை முடிந்த திங்கட்கிழமை பள்ளிக்கு வந்தாள். வாரத்தில் ஒருநாள் இரண்டுநாள் மதியத்துக்கு மேல் காணாமல் போவாள். அப்பாவுக்குச் சூளையில் பகல் முறை வரும் நாட்கள் அவை. நான் வருகைப் பதிவேட்டில் என்ன எழுதினேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. 2017இல் பத்தாம் வகுப்பு தேறினாள்.

ஆயா இறந்துபோய்விட்டார். அவருடைய கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. வகுப்பில் 1953 வரும்போதெல்லாம் அவர் கேட்டதை அப்படியே கேட்கிறேன். பையன்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம், உங்கள் வீட்டில் மூன்று மணிக்கு யார் என்ன செய்கிறார்கள் என்று எழுதச் சொல்வேன். அதில் சிரிப்பு அடங்கிவிடும். கிளாஸ் கழுவுவதை வரிசை எண்படி மாற்றிவிட்டேன். அதற்கு ஒரு பெற்றோர் வந்து சண்டை போட்டது தனிக்கதை.

பத்தாம் வகுப்பு முடிந்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தபோது அவள் ஒரு நோட்டைக் கொடுத்தாள். பழைய நாடகத்தில் ஒரு காட்சியைச் சேர்த்திருந்தாள். ராஜசபை கூடியிருக்கிறது, பட்டமளிப்பு நடந்துகொண்டிருக்கிறது. வெளியிலிருந்து "தண்ணி வருது" என்று ஒரு குரல். பட்டம் வாங்க நின்ற பெண்கள் அத்தனை பேரும் ஓடிவிடுகிறார்கள். ராஜாவும் மந்திரியும் மட்டும் சபையில் நிற்கிறார்கள். ராஜாவுக்குத் தாகம் எடுக்கிறது. அங்கே பக்கம் முடிகிறது.

அந்தக் காட்சியை இன்னும் மேடையேற்றவில்லை. ஆண்டு விழாவில் நாடகத்துக்குப் பத்து நிமிடம்தான் தருகிறார்கள்.